மந்திரிக்காத மண்

காய்ந்த சுண்ணாம்பு தண்ணீருக்கு அசையாது என்று லீமாரோஸுக்குத் தெரியும். அதனால் நல்லெண்ணெயை உள்ளங்கையில் குழித்து எடுத்து, அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை போனபாடில்லை. நகக்கண்ணிலும் ரேகைகளிலும் தோலோடு தோலாய்க் கிடந்தது. செபமாலையைக் கையில் கோத்துக் கட்ட வேண்டும். கட்டைவிரல் கல்லாய் விறைத்து, மடங்கமாட்டேன் என்றது.

“விடு லீமா” என்றாள் நாத்தனார் சூசையம்மாள், பந்தல் காலில் சாய்ந்தபடி. “மோட்ச வாசல்ல ராயப்பரு இவன் நகத்தையா பாக்கப் போறாரு? மொதல்ல அந்த வாசலுக்கு இவன் போறானோ என்னமோ.”

லீமாரோஸ் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்தாள்.

அண்ணன் சந்தியாகு இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம். இன்றைக்கும் தானாக வரவில்லை. கீழக்கரைச் சுண்ணாம்புக் காளவாசல்காரர் ஹாஜா முகைதீன் விடிந்த பிறகு சுண்ணாம்பு இறக்கப் போனவர், தன் குடிசை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் வள்ளத்திலேயே தூக்கிக் கிடத்தி இங்கே கொண்டுவந்து சேர்த்தார். கொண்டுவந்தவர் போகவில்லை. வெளியே உரலின் மேல் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். சொல்ல ஏதோ வைத்திருக்கிற மனுஷன் அப்படித்தான் இருப்பான்.

சந்தியாகு இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெற்கே, கரையோடு நடந்தால், உடைமுள் வேலி போட்ட ஒரு மணல்மேடு. பிள்ளைக்குழி மேடு என்று பெயர். வயிற்றிலேயே மூச்சு நின்ற பிள்ளைகளும், வெளியே வந்து ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுமுன் கண்மூடிய பிள்ளைகளும் அங்கேதான். கோயில் கல்லறைத் தோட்டத்து மண் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த மண். தண்ணீர் படாத பிள்ளைக்கு அதில் இடம் கிடையாது. மந்திரிக்காத மண்ணுக்குத்தான் போக வேண்டும். பெற்றவள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடாது, மேட்டுப் பக்கம் கால் வைக்கவும் கூடாது. வைத்தால் அவள் வயிற்றில் இனி ஒன்றும் தங்காது, அவள் பெண் வயிற்றிலும் தங்காது என்பது ஊர்ப் பேச்சு. எவள் போனாள், எவளுக்குத் தங்காமல் போனது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குப் போனவள் ஒருத்தி இருக்க வேண்டுமே.

யுத்தம் தொடங்கிய வருஷம் லீமாரோஸுக்குத் தலைப்பிரசவம். ஆண் பிள்ளை என்றார்கள். ஓலைப்பெட்டியை மூடும்போது ஒரு குதிகால் மட்டும் அவள் கண்ணில் பட்டது. புருஷன் சவேரியார் கடலில் இருந்தார். கடலுக்குள் பாறைக்கல் எடுத்துக் கரைக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்த அண்ணன்தான் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். போனவர் வீடு திரும்பவில்லை. மேட்டிலேயே ஓலை போட்டு ஒரு குடிசை கட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, “அங்கன ஆளு வேணும்ல” என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு எந்த வீட்டில் அப்படி ஒரு பெட்டி புறப்பட்டாலும், ஆண்கள் வேலி வரை கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

அவர் அங்கே பொம்மை செய்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். கடலிலிருந்து பார்த்தால் மேட்டின் மேல் வெள்ளை வெள்ளையாய்த் தெரியும். “வெள்ளைக்காரன் நாட்டை விட்டுட்டுப் போனாலும் சந்தியாகு மேட்டை விட்டுப் போகலப்பா” என்று வள்ளத்தில் சிரித்துக்கொள்வார்கள். சிரித்தவர்களே அந்த இடம் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

திருநாளுக்குத் திருநாள் கோயில் வாசலுக்கு வருவார். உள்ளே நுழையமாட்டார். வேப்பமரத்தடியில் நின்று, வருகிற புருஷன் பெண்டாட்டி முகங்களை மாறி மாறிப் பார்ப்பார். சாதாரணப் பார்வை இல்லை. மூக்கு, நாடி, காது மடல் என்று இடம் இடமாக நிறுத்திப் பார்க்கிற பார்வை. முழியன் என்று பட்டம் விழுந்தது. ஒரு சம்மாட்டி, நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரன், “எம்பொண்டாட்டி மூஞ்சில என்னலே எழுதி ஒட்டியிருக்கு?” என்று அறைந்தே விட்டான். சந்தியாகு மறு திருநாளும் வந்து, அதே பெண்ணின் முகத்தை அதே மாதிரி பார்த்துவிட்டுத்தான் போனார். லீமாரோஸையும் அப்படித்தான் பார்ப்பார். “அப்படிப் பாக்காதண்ணே, கூச்சமா இருக்கு” என்றால், கண்ணை எடுக்காமலே, “கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பு தாயி” என்பார்.

உபதேசியார் சிலுவைமுத்து குடையை மடக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். சாமியாருக்கு அடுத்தபடி ஊரில் கோயில் காரியம் பார்ப்பவர். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. சவேரியார் எழுந்து நின்றார்.

“சாமி சரின்னுட்டாரு” என்றார் உபதேசியார். “வருஷத்துக்கு ஒருக்கா நன்மை வாங்குற பாஸ்கா கடமை தீக்காதவன்தான். ஆனா கடைசி மூச்சுல பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டிருக்க மாட்டான்னு சொல்ல நாம யாருன்னாரு. தோட்டத்துல வடக்கு ஓரமாக் குழி. துக்க மணி அடிக்கலாம். வெயில் தாழ எடுத்துரணும், ஒடம்பு தாங்காது.”

சவேரியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோயில் திருநாளில் கொடிக்கயிறு பிடிக்கிற மரியாதை உள்ள வீட்டுக்காரர். மச்சினன் கல்லறைத் தோட்டத்துக்குள் போவானா மாட்டானா என்பது காலையிலிருந்து அவர் தொண்டையில் முள்ளாய் நின்றது. “மானம் காப்பாத்தியாச்சு” என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் உரல் மேலிருந்தவர் இறங்கினார்.

“மச்சான், ஒரு வார்த்தை” என்றார் ஹாஜா முகைதீன். “சொல்லாமப் போனா எனக்கு அல்லாகிட்ட பதில் இல்லை. மவுத்தானவரு எங்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்காரு. எனக்கு ஏதும் ஆச்சுன்னா பிள்ளைகளோட வையின்னாரு. ஒரு தடவை இல்லை, பல தடவை.”

“எந்தப் பிள்ளைக?”

“மேட்டுல இருக்கிற பிள்ளைகதான்.”

சவேரியாருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன பேச்சு பேசுறீக? ஞானஸ்நானம் வாங்கின கிறிஸ்தவனைக் கொண்டுபோயி மந்திரிக்காத மண்ணுல போடவா? அவன் என்ன நாயா நரியா?”

சொல் விழுந்துவிட்டது. விழுந்த பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது. உபதேசியார் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். லீமாரோஸ் அண்ணனின் கையைத் தன் மடியில் வைத்தபடி தலை நிமிர்த்தாமல் இருந்தாள்.

ஹாஜா முகைதீன்தான் மெதுவாகப் பேசினார். “கோவிக்காதீக மச்சான். அங்கன இருக்கிறது யாரு எவருன்னு நீங்க யாராச்சும் ஒரு நாளு போயிப் பாத்திருக்கீகளா? பாத்துட்டு எது வேணும்னாலும் சொல்லுங்க.”

“பாக்குறதுக்கு என்ன கெடக்கு? சுண்ணாம்புப் பொம்மை.”

“சரி, பொம்மை.” அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். “ரத்த சொந்தம்னு இருக்கிறது தங்கச்சி ஒருத்திதான். தோட்டத்துக்கா, வேற எடத்துக்கா, அவ சொல்லட்டும். குழி வெட்டுறவன் காத்துக்கிட்டு இருக்கான்.”

எல்லாப் பார்வையும் லீமாரோஸ் மேல் வந்து நின்றது. அவள் பார்வையோ வாசற்படியில் நின்ற மகள் மேல் போயிற்று. ஜோதிமேரிக்கு இது ஏழாம் மாதம், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். ஒரு கையால் நிலையையும் மறு கையால் இடுப்பையும் பிடித்தபடி நின்றாள்.

“நினைச்சுக்கூடப் பாக்காத லீமா” என்றாள் சூசையம்மாள். “நீ அங்கன காலை வச்சா உன் மக வயித்துல வந்து விடியும். மாசத் தூரம் நின்னுபோன பொம்பள உனக்கு ஒண்ணுமில்லை. இவளைப் பாரு.”

லீமாரோஸ் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமும் அவள் மேட்டுக்குப் போகாதது இந்த வயிற்றுக்காகத்தான். இந்த வயிறு வயிறாக ஆவதற்கு முன்பிருந்தே, இதற்காகத்தான். அண்ணனுக்குக் கஞ்சியும் கருவாடும் யார் யார் கையிலோ கொடுத்துவிட்டிருக்கிறாள். தான் ஒரு நாள் கொண்டுபோனதில்லை.

“வயிறு என்னுது அத்தே” என்றாள் ஜோதிமேரி. “நான் பாத்துக்கிறேன். நீ போயிட்டு வாம்மா. மாமா ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்காகன்னா, என்ன ஏதுன்னு தெரியாம எப்படி இல்லைங்கிறது?”

லீமாரோஸ் அண்ணனின் கையை அவர் நெஞ்சின் மேல் எடுத்து வைத்தாள். மடங்காத விரல்களின் மேல் செபமாலையைச் சும்மா போர்த்தினாள். எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, “நடங்க காக்கா” என்றாள். கீழக்கரையில் அண்ணன் முறைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கச்சான் காற்று மணலை வாரிக் கெண்டைக்காலில் அடித்தது. ஹாஜா முகைதீன் முன்னால் போனார். கடல் வற்றியிருந்தது, கரையில் ஒதுங்கிய பாசி காலுக்கடியில் நெறுநெறுத்தது.

“உங்களுக்கு அண்ணனை எப்படிப் பழக்கம்?”

“சிப்பி பொறுக்கி எங்கிட்டப் போடுவாரு. காளவாசலுக்குச் சிப்பி வேணும்ல. பதிலுக்குச் சுண்ணாம்பு கேப்பாரு. அதுவும் சும்மா சுண்ணாம்பு இல்லை தங்கச்சி, மூணு தரம் சலிச்சுக் குடுக்கணும். ‘இன்னைக்கு ஒருத்திக்கு வயசு ஏறுது காக்கா, கல்லுக் கலந்துச்சுன்னா மூஞ்சி சொரசொரங்கும்’ம்பாரு.”

“வயசு ஏறுதா?”

அவர் நடையை எட்டிப் போட்டார். “நான் சொல்லலை. சொன்னா இந்த வயசுல எனக்கும் கிறுக்குன்னுருவீக.”

வேலி வந்தது. உடைமுள்ளை ஒதுக்கி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். தர்காவுக்குள் போகிறவர் மாதிரி இருந்தது அது. லீமாரோஸ் வேலிக்கு வெளியே நின்றாள். மாதா பேரைச் சொல்லிக்கொண்டு, முதலில் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். மணல் சுட்டது. வேறொன்றும் ஆகவில்லை.

மேட்டின் சரிவில் முதலில் கண்ணில் பட்டவை சின்னவை. தவழ்கிற ஒன்று, தலையைத் தூக்கி யாரையோ பார்த்துச் சிரித்தது. வாய்க்குள் இரண்டே பல், அரிசி போல இரண்டு வெண்சோழித் துணுக்கு. பக்கத்தில் ஒன்று எதையோ பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. முழங்கால் மடிப்பில் சதைக் கோடு விழுந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கடற்பாறைக் கல்லைச் செதுக்கி, மேலே சுண்ணாம்பு பூசி, சங்கால் தேய்த்து மெழுகியிருந்தது. காற்றும் உப்பும் பட்டுப் பட்டு அது கல்லாகவும் இல்லை, தோலாகவும் இல்லை.

மேலே ஏற ஏறப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

பல் விழுந்த பொக்கை வாயோடு ஒருவன். சிலேட்டைத் தொடைக்கும் கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒருவன். கண்ணாடி வளையல் துண்டுகளை மணிக்கட்டில் பதித்துக்கொண்ட ஒரு சின்னக்குட்டி. அவள் பாவாடை முழுக்கக் கீழக்கரை வீடுகளில் உடைந்த பீங்கான் தட்டுகளின் நீலப் பூக்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்துக் கோபமாக நின்றாள். தாவணி போட்ட இரண்டு பேர் காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு இவளைக் கண்டதும் நின்றுபோனாற்போல இருந்தது. நிஜ வலைத்துண்டைத் தோளில் போட்ட ஒருவன் உடம்பு அந்தச் சம்மாட்டி உடம்பு, அப்படியே ஊதிய கன்னம். அடி வாங்கியவரின் கை, கோபம் இல்லாமல் அந்தக் கன்னத்தைப் பூசி மெழுகியிருந்தது.

லீமாரோஸ் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை. ஒரு ஊர் நின்றது அங்கே. தங்கள் ஊருக்குள் நடமாட வேண்டியவர்கள், கிணற்றடியில் சண்டை போட வேண்டியவர்கள், பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டியவர்கள். அத்தனை பேரும் இங்கே வந்து, வயதுக்கு ஏற்ற உயரத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஒவ்வொண்ணுக்கும் வருஷத்துல ஒரு நாளு” என்றார் ஹாஜா முகைதீன், தணிந்த குரலில். “பெட்டி வந்த நாளு. அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு வயசு கூட்டுவாரு. பழசை ஒடைச்சுப் போட்டுட்டுப் புதுசு செய்யமாட்டாரு. போன வருஷத்துப் பிள்ளை மேலேயே இந்த வருஷத்தை வச்சுப் பூசுவாரு. அப்பன் ஆத்தா மூஞ்சியப் பாத்துட்டு வந்து, இதுல பாதி அதுல பாதி. உள்ளுக்குள்ள அந்தப் பச்சப்புள்ள அப்படியேதான் இருக்கு.”

குடிசைப் பக்கம் ஈரச்சாக்குப் போட்டு மூடிய ஒன்று இருந்தது. அவர் சாக்கை விலக்கினார். ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. சுண்ணாம்பு இன்னும் பச்சையாக இருந்தது. இடது கன்னம் மெழுகியாயிற்று, வலது கன்னத்தில் விரல் பதிந்தபடி நின்றுபோயிருந்தது. “இதுக்கு நேத்துதான் ஒரு வயசு. ஒக்கார வச்சிட்டாரு. அடுத்த வருஷம் நிக்கும்னாரு.”

லீமாரோஸ் சாக்கை வாங்கித் தன் கையாலேயே மறுபடி மூடினாள், வெயில் படாமல். பிறகு கேட்டாள்:

“எது?”

அவர் கை காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை. மேட்டின் உச்சியில், எல்லோரையும் விட உயரமாய், எல்லோருக்கும் மூத்தவனாய் ஒருவன் நின்றான்.

அவள் ஏறினாள். அருகே போகப் போக அவன் பெரியவனாகிக்கொண்டே போனான். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தான். ஒரு கை இடுப்பில், ஒரு கால் சற்றே முன்னால். கடலைப் பார்த்து இன்றைக்குக் காற்று எப்படி என்று யோசிக்கிற நிற்பு. தோள் சவேரியாருடைய தோள். நாடியில் குழி, அது இவளுடையது, இவள் அம்மாவிடமிருந்து வந்தது. மேலுதட்டில் கருஞ்சிப்பியைக் கீறிக் கீறி ஒட்டிய மெல்லிய மீசை, இப்போதுதான் முளைத்த மாதிரி, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக.

லீமாரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைதான் வரும் என்று அவள் நினைத்திருந்தாள்.

“அவுக அப்பனாட்டமே நிக்கிறான் பாருங்க காக்கா” என்றாள். “இந்த இடுப்புல கை வைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்துச்சு இவனுக்கு?”

அவன் மார்புக்குத்தான் அவள் தலை வந்தது. முகத்தைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையை அண்ணாந்து பார்ப்பதென்றால் கழுத்து வலிக்கும் என்று மற்றத் தாய்மார்கள் பெருமையாய்ச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வலிக்கத்தான் செய்தது. கையை உயர்த்தி அந்த நாடியைத் தொட்டாள். சுடவில்லை, உள்ளே எங்கோ குளிர்ச்சி இருந்தது. பிறகு குனிந்து, மணலைத் தள்ளி, குதிகாலைத் தேடினாள். பெரிய குதிகால், வெடிப்பு விழுந்தது, கரையில் நடக்கிற ஆண்பிள்ளையின் குதிகால். அதன் மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் அப்படியே இருந்தாள். ஹாஜா முகைதீன் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

அவர்கள் வீடு திரும்பியபோது, கோயில் பெட்டி வந்திருந்தது. ஊருக்கெல்லாம் ஒரே பெட்டி. எந்தச் சவத்தையும் அதில்தான் தூக்கிப்போய், பாயோடு குழிக்குள் இறக்கிவிட்டு, வெறும் பெட்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். சவேரியார் அதன் தலைமாட்டில் நின்றார்.

“அண்ணன் அங்கனதான்” என்றாள் லீமாரோஸ். “பிள்ளைகளோட.”

“உனக்கும் புத்தி பெரண்டு போச்சா?”

“நீங்களும் வந்து பாருங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “உங்க மூத்த மகனுக்கு மீசை வந்துருச்சு.”

சவேரியாரின் கை தானாக எழுந்து இடுப்பில் போய் நின்றது. அதைப் பார்த்ததும் லீமாரோஸுக்கு அங்கே வராத அழுகை இங்கே வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் அழுது முடிகிற வரை பொறுத்திருந்து, உபதேசியார் பக்கத்தில் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார். “ஏம்மா… பொட்டப்புள்ளைக ஏதும் இருக்காங்களா அங்கன? ஒரு பத்து வயசு மதிக்கிறாப்புல?”

லீமாரோஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் பார்த்த மாதிரி, மூக்கில் நிறுத்திப் பார்த்தாள்.

“இருக்கா உபதேசியாரே. எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டுக் கோவிச்சுக்கிட்டு நிக்கிறா. மூக்கு உங்க மூக்கு.”

சிலுவைமுத்து குடையை விரித்தார். பந்தலுக்குள் குடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மறுபடி மடக்கினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“மந்திரிக்காத எடத்துல ஞானஸ்நானம் வாங்கினவனைப் பொதைக்கக் கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்லை. அப்படிப் பொதைச்சா சாமி நேர்ல வந்து அந்தக் குழியை மந்திரிக்கணும். அதான் சட்டம்.”

“உமக்கு எப்படித் தெரியும்?” என்றார் சவேரியார்.

“கேட்டிருக்கேன். எம்மக போனப்ப, ஏதாச்சும் வழி இருக்கான்னு இருந்த சாமிமார்கிட்டயெல்லாம் கேட்டேன். அவளுக்கு வழி இல்லை. தண்ணி வாங்கின ஒருத்தன் அங்கன போயிப் படுத்தாத்தான் அந்த மண்ணுக்குச் சாமி வருவாருன்னு தெரிஞ்சுச்சு. யாரு போயிப் படுப்பா?” அவர் பெட்டியைப் பார்த்தார். “நான் சாமிகிட்டப் பேசிக்கிறேன். பெட்டியைத் தூக்குங்க.”

துக்க மணி விட்டு விட்டு அடித்தது. ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. முழியனுக்கு இத்தனை கூட்டமா என்று கூட்டமே ஆச்சரியப்பட்டது. கல்லறைத் தோட்டத்து வாசல் வந்தபோது தூக்கியவர்களின் கால்கள் பழக்கத்தில் தானாக உள்ளே திரும்பின. “ஏலே, நேரா” என்றார் உபதேசியார். பெட்டி ஒரு நிமிஷம் அங்கேயே ஆடி நின்றது. பிறகு நேரே போயிற்று.

வேலிக்கு வந்ததும் ஆண்கள் உடைமுள்ளைப் பிடுங்கி ஒதுக்கினார்கள். பெண்கள் நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை. வரிசையாக, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, மணலில் கோடு போட்டாற்போல நின்றார்கள். அங்கிருந்தே தலைகள் தெரிந்தன. யாரோ ஒருத்தி “யாத்தே” என்றாள். காற்று முள்ளில் சீட்டியடித்தது.

வயதான சாமியார் கறுப்பு உடுப்பு பறக்க, உபதேசியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பாதியில் நின்றார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தார்கள். சுற்றிலும் பார்த்தார். சிலேட்டுக்காரனைப் பார்த்தார், பேசிக்கொண்டிருந்த தாவணிப் பெண்களைப் பார்த்தார். சவேரியார் உச்சியில் நின்றவனுக்கு எதிரே போய், ஒரு கை தூரத்தில், அதே நிற்பில் நின்றுவிட்டார். அப்பன் மகன் இருவரில் யார் முதலில் பேசுவது என்று காத்திருப்பதுபோல இருந்தது.

குழி குடிசைக்கு முன்னால் வெட்டியிருந்தது. சாமியார் லத்தீனில் செபம் சொன்னார். இரண்டு இடத்தில் நின்று நின்று சொன்னார். குழிக்குத் தீர்த்தம் தெளித்தார். பாயோடு சந்தியாகுவை இறக்கினார்கள். ஹாஜா முகைதீன் முதல் பிடி மண்ணைப் போட்டு, தன் முறைப்படி ஏதோ ஓதிக்கொண்டு பின்னால் போனார். லீமாரோஸ் போட்டாள். எல்லோரும் போட்டார்கள்.

முடிந்தது என்று ஆண்கள் தலைத்துண்டைத் தேடினார்கள். சாமியார் மட்டும் நகரவில்லை. தெளிப்பானைக் கையில் பிடித்தபடி, செம்பைப் பார்த்தார்.

“தீர்த்தம் இன்னும் இருக்கா உபதேசியாரே?”

“அடியில கொஞ்சம் கெடக்கு. குழிக்கு இது போதும் சாமி.”

“குழிக்குப் போதும்” என்றார் சாமியார்.

சிலுவைமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குடிசைக்குப் பின்னால் இருந்த ஊற்றுக்குப் போனார். இரண்டு எட்டு நடந்தார். மூன்றாவது எட்டில் அந்த மனுஷன் ஓடினார். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேட்டி நனைய நனைய, மேட்டில் ஏறி வந்து நின்றார். குடத்தின் மேல் கையை நீட்டிச் சாமியார் கண்ணை மூடினார்.

வேலியோரம் நின்றிருந்த ஜோதிமேரி வெகுநேரமாகக் கால் மாற்றி மாற்றி நின்றாள். வெயில் சாய்ந்திருந்தாலும் சூடு தணியவில்லை. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பெண்களின் வரிசையை விட்டு அவள் பிரிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உள்ளே ஏறி வந்தாள். உச்சியில் நின்றவனுடைய நிழல் மணலில் நீளமாய், அகலமாய் விழுந்து கிடந்தது. கையை ஊன்றி அதில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

“ஏடீ…” என்று வேலிக்கு வெளியே சூசையம்மாள் ஆரம்பித்தாள். லீமாரோஸ் திரும்பி அவளைப் பார்த்தாள். சூசையம்மாள் மிச்சத்தைச் சொல்லவில்லை.

சாமியார் சின்னவர்களிடமிருந்து தீர்த்தம் தெளிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவரிடமும் நின்று நின்று வந்ததால் நேரம் எடுத்தது. வெயில் நகர்ந்தது. ஜோதிமேரியும் நிழலோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள்.